மாதிரிக்கு ஒரு முகவரி

மார்ச் 4, புதன்

அக்கா,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அதை மூன்று வருடமாக மனதுக்குள் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன், அங்கேயே இருக்கட்டும். இது வேறு விஷயம். படித்துவிட்டுக் கிழி.

உன் தபால் பெட்டி எண் எப்படிக் கிடைத்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டரிடம் போயிருந்தேன். பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. "வீட்டுக்குப் போகப் பயமா இருந்தா, வீட்டுக்குப் போகாதீங்க" என்று ஒரே வரி. கீழே நன்கொடைக்கு ஒரு கியூஆர் படம், ஒரு தபால் பெட்டி எண். பெயர் இல்லை. இப்படி ஒரு வரியை உன்னைத் தவிர யார் எழுதுவார்கள்?

என் வேலை பற்றி உனக்குத் தெரியாது. பிளாக்செயினில், அதாவது நீ பயன்படுத்துகிற டிஜிட்டல் காசின் பொதுக் கணக்கேட்டில், யாராவது பணம் அனுப்பினால் அது உடனே பதிவாகிவிடாது. முதலில் ஒரு காத்திருப்புப் பட்டியலில் போய் நிற்கும், பஸ் ஸ்டாப்பில் நிற்கிற கூட்டம் மாதிரி. பஸ் வந்து ஏற்றிக்கொண்ட பிறகுதான் அது கணக்கு. ஆனால் ஸ்டாப்பில் நிற்கும்போதே யார், யாருக்கு, எவ்வளவு என்பது நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும். நோடு என்கிற கம்ப்யூட்டர்கள் அந்த ஸ்டாப்பை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் கம்பெனியில் அப்படி நாற்பது இருக்கிறது. ஒரு வாலட்டின், அதாவது அந்தக் காசை வைக்கிற பணப்பையின், முகவரியைக் கொடுத்து, 'இதிலிருந்து ஏதாவது வந்து நின்றால் எனக்குச் சொல்' என்று யார் கேட்டாலும் நாங்கள் சொல்வோம். அதற்குத்தான் சந்தா. அந்தக் கேள்வியும் பதிலும் போய்வருகிற வாசலை ஏபிஐ என்பார்கள். அதை எழுதிய மூன்று பேரில் நான் ஒருத்தி.

ஒரு வாடிக்கையாளர் ஜனவரியிலிருந்து உன் வாலட்டைக் கவனிக்கிறார். வீட்டுச் செலவுக்கு வைத்திருக்கிறாயே, அதை. நீ யாருக்குப் பணம் அனுப்பினாலும் அது பதிவாகும் முன்பே அவர் கைபேசி ஒலிக்கிறது. நீ பணம் கொடுக்கும் கடைகளின் முகவரிகளையும் ஒவ்வொன்றாகத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

உன் முகவரி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. துண்டுச் சீட்டிலிருந்து எடுத்திருக்கலாம்.

தயவுசெய்து அந்த வாலட்டிலிருந்து எதற்கும் பணம் கட்டாதே.

உன் தங்கை

*

மார்ச் 7, சனி

ஊமைக்கு,

ஊமைக்கோட்டான் என்று முழுசாக எழுதப் பொறுமை இல்லை. பெட்டியைச் செவ்வாயும் வெள்ளியும்தான் திறப்பேன். நேற்று எடுத்தேன். உன் கடிதத்தை அடுப்பில் வைக்கப் போனேன், முதல் பத்தி தடுத்தது. உனக்கு எழுத வரும். பேசாமல் இருக்கத்தான் வராது.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நான் ஒளிந்திருந்த லாட்ஜின் பெயரை நீ உன் அத்தானிடம் சொன்னாய். "போன்ல அழுதார்க்கா, பாவமா இருந்துச்சு" என்றாய். நேரில் வந்தவர் அழவில்லை. என் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. இதை இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அன்றைக்கும் நீ எனக்கு நல்லதுதான் நினைத்தாய்.

ஆகவே நீ 'கவனம்' என்று எழுதினால் நான் இரண்டு தடவை கவனமாக இருப்பேன். ஒரு தடவை அந்த வாடிக்கையாளரிடம், ஒரு தடவை உன்னிடம்.

உன் அத்தானுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. வீட்டை விட்டு ஓடிவந்து என்னோடு இப்போது இருப்பவர்களில் ஒருத்திக்குத்தான் இந்த மாதிரி ஆள் உண்டு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவள். நாங்கள் கண்ணாடிக்காரி என்று கூப்பிடுகிறோம். இடது கண்ணில் பார்வை பாதிதான். எப்படி ஆனது என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. நான் நர்ஸாக இருந்தவள், கேட்காமலே தெரியும். புருஷன் நில அளவை செய்கிற சர்வேயர். சத்தம் போட மாட்டாராம். ஏற்கெனவே ஒரு தடவை ஓடியிருக்கிறாள். போலீஸ் அவரையே கூப்பிட்டு அவர் கையில் ஒப்படைத்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "ஓடுறதுக்கு ஒரு கண்ணே போதும் போல."

மீதி இருக்கிற கண்ணைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன், உன் மன்னிப்பைப் பற்றி இல்லை.

இந்த வாலட்டை விட முடியாது. இங்கே வருகிறவர்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. வங்கிக் கணக்கில் கை வைத்தால் புருஷன் போனுக்குத் தகவல் போகும். அதனால்தான் இந்தக் கருமத்தைக் கற்றுக்கொண்டேன். யாருக்கும் தெரியாது என்று சொன்னார்கள்.

கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. அவருக்கு என்ன தெரியும்? ஊர் தெரியுமா? தெரு தெரியுமா?

அக்கா

*

மார்ச் 11, புதன்

அக்கா,

கேட்டதற்கு மட்டும்.

ஊர், தெரு எதுவும் அதில் தெரியாது. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான முகவரிகள்தான் தெரியும். ஆனால் கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள் இல்லையா, அது அந்தக் கடையின் வாலட் முகவரி. யார் வேண்டுமானாலும் கடைக்குள் போய், வாங்காமலே, அதை ஸ்கேன் செய்துகொண்டு வரலாம். நீ பணம் கட்டும் முகவரி ஒன்றோடு அது ஒத்துப்போனால், நீ அந்தக் கடைக்கு வந்துபோகிறாய் என்று அர்த்தம்.

அவர் அதைத்தான் செய்கிறார். எங்கள் சேவையில் ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ள இடம் உண்டு. வாடிக்கையாளர் குறிப்புகளை நாங்கள் படிக்கக்கூடாது. படித்தேன். 'தெற்குப் பக்கம் 1, பூட்டுக் கடை. தெற்குப் பக்கம் 2, மருந்துக் கடை.' இப்படியே நூல் பிடித்த மாதிரி போகிறது. சனிக்கிழமைகளில் மட்டும் வருகிறார். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு தெரு. முதல் தெருவில் ஒன்றும் ஒத்துப்போகவில்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது தெருவைப் போன சனிக்கிழமை ஆரம்பித்திருக்கிறார். அன்றைக்குக் கடைசியாக எழுதியது: 'தெற்குப் பக்கம் 17, ரொட்டிக் கடை.' அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த ரொட்டிக் கடை உன்னிடம் வாரம் இரண்டு முறை பணம் வாங்குகிறது.

மேனேஜரிடம் போனேன். முகவரிகள் எல்லாருக்கும் பொதுவானவை, அந்த ஆள் பெரிய சந்தா கட்டுகிறார் என்றார். பிறகு நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்து, "நாம ஜன்னல் விக்கிறவங்கம்மா. யாரு அதுல நின்னு எதைப் பாக்குறாங்கன்றது நம்ம வேலை இல்ல" என்றார்.

புது வாலட் தொடங்கலாமே என்று நீ கேட்பாய். பழையதிலிருந்து புதுசுக்குப் பணம் போகும்போது அதுவும் பட்டியலில் நிற்கும், அதையும் அவர் பார்ப்பார்.

வரும் சனிக்கிழமை பதினான்காம் தேதி. நீங்கள் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

உன் தங்கை

*

மார்ச் 13, வெள்ளி

ஊமைக்கு,

ரொட்டிக் கடை எனக்குத் தெரியும். அவ்வளவுதான் சொல்வேன். அதற்கும் எங்களுக்கும் நடுவில் மூன்று கடைகள்.

கண்ணாடிக்காரியிடம் உன் கடிதத்தில் அந்தப் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். நட்சத்திரக் குறி என்றதும் தலையசைத்தாள். வீட்டு நாட்காட்டியிலும் அவர் நட்சத்திரம் போடுவாராம். எதற்கு என்று கேட்டேன். "எனக்கு முன்கூட்டியே தெரியணும்னு" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவள் எழுந்து போய்த் தன் சக்கரத்தைத் துடைத்தாள். லென்ஸ் தேய்க்க ஒரு பழைய சக்கரம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், கடைகளிலிருந்து வேலை கொண்டுவருகிறோம். அரைக் கண்ணோடு அவள் தேய்க்கிற லென்ஸில் ஒரு கீறல் இருக்காது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். துண்டுச் சீட்டில் இருப்பது நன்கொடை வாலட். அதிலிருந்து மாதம் ஒரு தடவை வீட்டுச் செலவு வாலட்டுக்கு மாற்றுவேன். இந்த இரண்டாவது முகவரியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அச்சடித்ததில்லை. நன்கொடை வாலட்டை மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். நீயோ முதல் கடிதத்திலேயே 'வீட்டுச் செலவுக்கு வைத்திருக்கிறாயே' என்று எழுதினாய்.

சர்வேயர் ஜனவரியிலிருந்துதான் பார்க்கிறார் என்கிறாய். நீ எப்போதிலிருந்து?

எனக்குக் காது குத்தாதே. சின்ன வயதில் பொய் சொன்னால் 'தெரியவில்லை' என்றுதான் ஆரம்பிப்பாய். முதல் கடிதத்தின் கடைசியில் அந்த வார்த்தை இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 17, செவ்வாய்

அக்கா,

பதினாறு மாதமாக.

பல் டாக்டரிடம் போன அன்றே ஆரம்பித்தேன். நன்கொடை வாலட்டைப் பார்த்தேன், அதிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைப் பார்த்தேன், அந்த இன்னொன்று காய்கறிக்கும் ரொட்டிக்கும் சோப்புக்கும் பணம் கட்டுவதைப் பார்த்தேன். உன் சமையலறையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வியாழக்கிழமை காலை பதினொரு மணிவாக்கில் நீ ஏதாவது வாங்குவாய். அது எங்கள் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு நொடி நிற்கும், பிறகு பதிவாகிப் போய்விடும். அந்த நொடிகளில் எழுந்து நிற்பேன். பக்கத்து ஸீட்காரி, "என்ன, தேசிய கீதமா?" என்று கேட்பாள். நீ உயிரோடு இருக்கிறாய், சாப்பிடுகிறாய் என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி இல்லை. உன்னிடம் கேட்கும் உரிமையும் இல்லை.

போன வருடம் ஏப்ரலில், புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கப் பக்கம் எழுதச் சொன்னார்கள். நிலுவையில் நிற்கும் பரிவர்த்தனைகளை எப்படிக் கவனிப்பது, படிப்படியாக. மாதிரிக்கு ஒரு முகவரி வேண்டும். அடிக்கடி பணம் அனுப்புகிற முகவரியாக இருந்தால்தான் படிப்பவர் செய்து பார்க்கும்போது ஏதாவது நடக்கும். என் கைக்கு மனப்பாடமாக வருகிற முகவரி ஒன்றுதான் இருந்தது. ஆயிரம் பேர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மறந்தார்கள்.

அவர் மறக்கவில்லை. பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்துவிட்டேன். அவர் எங்களிடம் வந்ததே கண் ஆஸ்பத்திரி ஒன்றின் முகவரியைக் கவனிக்க. மனைவியைக் கூட்டிப்போன காலத்து ரசீதில் இருந்திருக்கும். எல்லாரையும் போல முதலில் என் மாதிரியைச் செய்து பார்த்தார், அதை நிறுத்த மறந்தார். பிறகு ஆஸ்பத்திரியைக் கவனிக்க ஆரம்பித்தார். ஜனவரி ஒன்பது காலை பத்து நாற்பதுக்கு அவருக்கு இரண்டு அறிவிப்புகள் போயிருக்கின்றன. இரண்டும் ஒரே பரிவர்த்தனை. ஆஸ்பத்திரிக்கு வந்ததாக ஒன்று, மாதிரி முகவரியிலிருந்து போனதாக ஒன்று. முன்பெல்லாம் மாதாமாதம் அவரே கட்டிய அதே தொகை.

இரண்டு நிமிடத்தில் அவர் பெரிய சந்தாவுக்கு மாறிவிட்டார். அந்த ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில்தான் தெருத் தெருவாகத் தேட ஆரம்பித்திருக்கிறார்.

மாதிரிப் பக்கத்தில் முகவரியை மாற்றிவிட்டேன். போன வியாழனிலிருந்து உன் அறிவிப்புகள் அவருக்குப் போகாமல் தடுத்திருக்கிறேன். தெரிந்தால் என் வேலை போகும், அது பரவாயில்லை. சனிக்கிழமை அவர் பட்டியலில் நான்கு கடைகள் கூடியிருக்கின்றன. கடைசியாக 'தெற்குப் பக்கம் 21, லாண்டரி'. அதற்கு இரண்டு நட்சத்திரம், நீ மாதாமாதம் பெரிய தொகை அனுப்புகிற முகவரி அது.

என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. ஆனால் முதலில் அங்கிருந்து கிளம்பு.

உன் தங்கை

*

மார்ச் 20, வெள்ளி

முதல் தடவை வாயால் சொன்னாய். இந்தத் தடவை பக்கம் போட்டு எழுதிவைத்திருக்கிறாய்.

இதற்கு மேல் திட்ட இப்போது நேரம் இல்லை.

ஆமாம், லாண்டரி. மாடியில் இரண்டு அறை, அதில்தான் இருக்கிறோம். இனி மறைத்து என்ன? சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். லாண்டரி அம்மா சொன்னாள். மடிப்புக் கலையாத சட்டை, கையில் துவைக்க ஒன்றும் இல்லை. ஸ்டிக்கரை ஸ்கேன் செய்துகொண்டு, சலவைக்கு என்ன விலை என்று விசாரித்திருக்கிறார். பிறகு மாடி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா வாயாடி, கெட்டிக்காரி. "அது சோப்புத்தூள் மூட்டை போடுற இடம் சார், உள்ள போனா தும்மியே செத்துருவீங்க" என்று சிரித்திருக்கிறாள்.

அவர் சிரித்துவிட்டு நின்றிருக்கிறார். அந்த நேரம் மாடியில் கண்ணாடிக்காரி சக்கரம் ஓட்டிக்கொண்டிருந்தாள். கீழே பேச்சுக் குரல் கேட்டதும் நிறுத்தினாள். அதுதான் தப்பு. ஓடிக்கொண்டே இருந்திருந்தால் துவைக்கிற மெஷின்களோடு மெஷினாகப் போயிருக்கும். நின்றதும் அவர் தலையைத் தூக்கி மேற்கூரையைப் பார்த்திருக்கிறார். "அப்புறம் வர்றேன்" என்று போய்விட்டார்.

அப்போதிலிருந்து கண்ணாடிக்காரி சக்கரத்தைத் தொடவில்லை. பேசுவதும் இல்லை. நேற்று என் பழைய மருந்துப் பெட்டியைத் திறந்து எதையோ தேடினாள். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவளைத் திரும்ப அவரிடம் கொடுப்பதில்லை என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வேறு எதுவும் முக்கியம் இல்லை, உன்மேல் இருக்கிற கோபம் உட்பட.

எங்களோடு இருந்த மற்ற இரண்டு பெண்களும் நேற்றே தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவளுக்கும் எனக்கும் வேறு ஊரில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே கையில் காசாகக் கொடுப்பேன். ஆனால் அது வியாழக்கிழமைதான் காலியாகிறது. லாண்டரி வண்டி அன்றைக்கு மூன்று மணிக்குப் படுக்கை விரிப்புகளை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போகும், விரிப்புகளோடு நாங்களும். அதற்கு முன்னால் முடியாது. வாசலில் அவர் எந்த நேரம் நிற்பார் என்று தெரியாமல் இவளை நடத்திக் கூட்டிப்போக மாட்டேன்.

வியாழன் மூன்று மணி வரை அவர் இந்தத் தெருவுக்கு வரக்கூடாது. உன் மெஷின்களால் அதற்கு ஏதாவது வழி உண்டா? இனி தினமும் பெட்டியைப் பார்க்கிறேன்.

அக்கா

*

மார்ச் 23, திங்கள்

அக்கா,

வழி தானாக வந்துவிட்டது. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

அவர் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். மரியாதையான கடிதம். பன்னிரண்டாம் தேதி காலை ஒரு பரிவர்த்தனைக்கு எனக்கு அறிவிப்பு வரவில்லை, வேறொரு நோடில் அது இருந்ததைப் பார்த்தேன், ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் இப்படி ஆவது விநோதமாக இருக்கிறது என்று. விளக்கப் பக்கத்தின் மாதிரி முகவரி மாறியிருப்பதையும் கவனித்தாராம். அந்தப் பக்கம் மிகத் தெளிவாக எழுதப்பட்டிருந்தது, எழுதியவரை நேரில் பார்க்க விரும்புகிறேன் என்று முடித்திருக்கிறார்.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். வியாழன் பதினொரு மணிக்கு வரச் சொல்லிவிட்டார். என்னோடு.

இங்கிருந்து உங்கள் பக்கம் வர மத்தியானம் ஒரு ரயில் இருக்கிறது, பன்னிரண்டரைக்கு. தபால் பெட்டி இருக்கிற ஊர்தான் உன் கடிதத்தின் முத்திரையிலும் இருந்தது, பார்த்துவிட்டேன், மன்னித்துக்கொள். அதை விட்டால் நான்கு மணிக்குத்தான். பன்னிரண்டரை ரயிலில் ஏறினால் இரண்டரைக்கு அவர் உங்கள் தெருவில் இருப்பார். ஆகவே அதை அவர் தவறவிட வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

ஒன்று செய். வியாழன் பதினொன்றே காலுக்கு உன் வாலட்டிலிருந்து வடக்கே ஏதாவது ஒரு விடுதிக்கு அறை வாடகை அனுப்பு. முகவரியைத் தனியே எழுதி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அனுப்பும்போது கட்டணம் என்று ஒன்று கேட்கும், இருப்பதிலேயே குறைந்ததைப் போடு. கட்டணம் குறைந்தால் அதை யாரும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள், பட்டியலிலேயே நிற்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் அதற்கு விழுந்த அதே வரிசை எண்ணில் கூடுதல் கட்டணம் போட்டு உனக்கே ஒரு சிறு தொகை அனுப்பிக்கொண்டால் முதலாவது செத்துவிடும், பணம் போகாது. தடுப்பை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன், அறிவிப்பு அவருக்குப் போகும். நீங்கள் வடக்கே ஓடுவதாக அவர் நினைக்கட்டும்.

நம்பினால் நல்லது. நம்பாவிட்டால் நான் பேசிக்கொண்டே இருப்பேன். என் வாய் சும்மா இருக்காது என்று நீதான் சொல்வாய்.

உன் தங்கை

*

மார்ச் 27, வெள்ளி

ஊமைக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். நேற்று மூன்று பத்துக்கு வண்டி கிளம்பியது. விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் அவள் தூங்கியே போய்விட்டாள். நான் பார்த்து அவள் தூங்கியது அதுதான் முதல் தடவை. தெருவில் அவர் இல்லை. ஐந்து மணிக்குப் பக்கத்து ஊரில் இறங்கினோம். நீ சொன்னபடி இன்னொன்றை அனுப்பி முதலாவதைச் சாகடித்தேன். ஒரே தடவையில் முடித்தேன், பெருமையாகச் சொல்லிக்கொள்.

இந்த இடம் எது என்று எழுத மாட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர்தான். அவளுக்கு அது பிடித்திருக்கிறது. இன்று காலை சக்கரத்தை மேஜையில் பூட்டினாள். பிறகு என் பையைத் துழாவும்போது உன் போட்டோ விழுந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல நீங்களா இது?" என்றாள். என் தங்கை, போன முறை பார்த்தபோது எடுத்தது என்றேன். அவள் நம்பவில்லை. நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஒரே முகம்க்கா. லென்ஸ் மாதிரி ரெண்டும் ஒரே அச்சு" என்றாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை.

நேற்று நீ அவரோடு ஓர் அறைக்குள் உட்கார்ந்திருந்தாய். வண்டியில் வரும் வழியெல்லாம் அதையேதான் நினைத்தேன். லாட்ஜ் அறையில் என்னோடு யாரும் இருக்கவில்லை. அப்படி இன்னொருத்தி தனியாக இருக்கக்கூடாது என்றுதான் இத்தனையும் ஆரம்பித்தேன். அந்த இன்னொருத்தி நீயாக இருக்கும்போது மட்டும் கணக்கு மாறுமா?

கூட்டிப்போக வருகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற திங்கட்கிழமையே நானும் வந்திருப்பேன். உன் ஆபீஸ் வாசல் கேட்டில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு. ஒரு பை போதும், மேனேஜரிடம் ஒன்றும் சொல்லாதே. பயப்படாதே, அவர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர் பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

திட்டு பாக்கி இருக்கிறது. ரயிலில் வைத்துத் திட்டுகிறேன்.

அக்கா

*

மார்ச் 28, சனி

அக்கா,

இது பழைய பெட்டிக்குத்தான் வரும். லாண்டரி அம்மா யாரையாவது அனுப்பி எடுத்து உனக்குச் சேர்ப்பாள் என்று நம்புகிறேன். எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. அவசரம் இல்லை. ஆபீஸ் பெருக்குகிற அம்மாவிடம் கொடுத்து அவள் வீட்டுப் பக்கம் தபாலில் போடச் சொல்கிறேன், நான் போனால் பின்னால் வருவார்.

நடந்ததைச் சொல்கிறேன். பதினொரு மணிக்குச் சரியாக வந்தார். நாற்காலியை மேஜைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் மென்மை. மேனேஜர் தேநீர் சொல்லிவிட்டு எங்களை விட்டுப் போய்விட்டார். நோடு எப்படி வேலை செய்கிறது என்று நான் விளக்கினேன், அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள். பதினொன்றே காலுக்கு அவர் கைபேசி ஒலித்தது. பார்த்தார். கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"ரொம்பக் குறைஞ்ச கட்டணம்" என்றார். "நிஜமா போறவங்க இப்படி அனுப்ப மாட்டாங்க. அப்போ இன்னைக்குத்தான் கிளம்புறாங்க, இல்லையா?"

எழுந்து பையை எடுத்துக்கொண்டார். ஸ்டேஷன் எங்கள் ஆபீஸிலிருந்து இருபது நிமிட நடை. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "அந்த முகவரி யாரோடதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

உட்கார்ந்தார்.

என் அக்காவுடையது என்று சொன்னேன். அவர் ஏற்கெனவே உங்கள் லாண்டரி வாசல் வரை வந்த ஆள், அது ஒன்றைக் கொடுத்தால்தான் மீதியைக் கேட்க உட்காருவார். பிறகு பேசினேன். நம் பள்ளிக்கூடம், உன் ஆஸ்பத்திரி வேலை, நாம் படித்த புத்தகங்கள், லாட்ஜ், உன் மணிக்கட்டு. பாதி உண்மை, பாதி பேசப் பேச வந்தது. ஒவ்வொரு தடவை அவர் கடிகாரத்தைப் பார்க்கும்போதும் இன்னும் கொஞ்சம் உண்மையைச் சேர்த்தேன். பன்னிரண்டு ஐம்பது வரை ஓட்டினேன். ரயில் போய்விட்டது.

அது அவருக்கும் தெரிந்திருந்தது. கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்தார். "ரெண்டு பேரும் ஒரே ஜாடையா?" என்றார். இல்லை என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன், அதனால் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. என் முகத்தை வரைந்தார். நெற்றி, மூக்கு, தாடை என்று அளவெடுத்த மாதிரி, ஒரு கோடும் அழிக்காமல். எனக்குக் காட்டினார். நன்றாகவே இருந்தது. கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு கூட்டி, "அக்கான்னா கொஞ்சம் வயசு" என்றார்.

கிளம்பும்போது சொன்னார்: "எனக்கு அவசரம் இல்ல. அக்காவும் தங்கச்சியும் எவ்வளவு நாள் பாக்காம இருப்பீங்க? அவங்க பின்னாடி போனா, என் வீட்டுக்காரி இருக்கிற இடம் வரும்."

அதிலிருந்து ஆபீஸ் கேட்டுக்கு எதிரே இருக்கிற பெஞ்சில் இருக்கிறார். காலை ஒன்பதுக்கு வருகிறார், நாங்கள் கிளம்பும்போது கிளம்புகிறார். சனிக்கிழமை இன்றைக்கு எங்களுக்கு அரை நாள், இப்போதும் இருக்கிறார். யாராவது பெண் கேட்டருகில் வந்தால் நோட்டைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார். போலீஸுக்குப் போன் செய்தேன். பெஞ்சில் உட்காருவது குற்றம் இல்லையாம்.

எனக்குப் பயமாக இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு முதுகுவலிதான் வரும். அவருக்கு நம்மைப் பற்றித் தெரியாது. நான் உனக்குச் செய்ததும், நீ மூன்று வருடம் என் பெயரைக்கூட எழுதாமல் இருந்ததும் தெரியாது. சொன்னேன்தான், ஆனால் கதை விடுகிறேன் என்று நினைத்திருப்பார். எனக்காக நீ ஒருநாளும் அந்தக் கேட்டுக்கு வர மாட்டாய். இத்தனை நாள் அதை நினைத்துத்தான் அழுதேன். இப்போது அது ஒன்றுதான் என் நிம்மதி.

உன் தங்கை